வலது கைக்கு விடுமுறை

‘2006 ஜூலை 16, ஞாயிறு. நேற்று ஒரு தப்பு செய்தேன். பொழுது சாயும்வரை வலது கையைக் கட்டிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். சடை பின்னுவதற்காகக் கட்டை அவிழ்த்துவிட்டேன். இன்று மறுபடியும் முதலிலிருந்து.’

இடது கையால் எழுதியதில் எழுத்துகள் மழையில் நனைந்த கோழிக்குஞ்சுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. சுப்ரியா டைரியை மூடவும், அம்மா சாந்தம்மா மூச்சிரைக்க உள்ளே ஓடிவரவும் சரியாக இருந்தது.

“போச்சம்பள்ளிக்காரங்க வந்துட்டாங்கடி! மாப்பிள்ளையும் அவங்க அம்மாவும். அடுத்த வாரம் வரேன்னவங்க, நாளைக்கு ஆடி பொறக்குதுன்னு இன்னைக்கே பஸ் ஏறிட்டாங்க. மொதல்ல அந்தக் கட்டை அவுத்து எறி!”

“அவுக்கக் கூடாதும்மா. கை வராதவங்க கஷ்டம் என்னான்னு நாமளே பட்டுப் பாக்கணுமாம். கிளாஸ்ல சொல்லியிருக்காங்க.”

“என் கஷ்டத்தை எந்தக் கிளாஸ்ல சொல்லித் தர்றாங்க? கம்பெனியில பர்மனென்ட் மாப்பிள்ளைடி. உங்கப்பாவும் ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு. நல்லா இருக்கற கைய ஒடிஞ்ச கை மாதிரி தூக்கிக் கட்டிக்கிட்டு நின்னா எவன் கட்டுவான்?”

அந்தக் கடைசிக் கேள்வி சுப்ரியாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஓசூரில் அவள் போவது மாலை வகுப்பு. கை கால் முடங்கியவர்களுக்குச் சட்டை போடவும், சோறு அள்ளவும், பல் துலக்கவும் திரும்பப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் படிப்பு. சான்றிதழ் கைக்கு வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. கல்யாணம் முடிவானால் அன்றோடு வகுப்பு நின்றுவிடும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

கட்டு இருந்தபடியே இருந்தது. இடது கையில் ஒற்றை டம்ளரைப் பிடித்துக்கொண்டு, பாதிக் காபியைத் தரைக்குக் கொடுத்தபடி அவள் முன்னறைக்குப் போனாள்.

மாப்பிள்ளை ஹரீஷ்குமார் பெண் பார்க்க டீ-சர்ட்டில் வந்திருந்தான். வலது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்காமலே இடது கையால் டம்ளரை வாங்கினான். அவள் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இவனையும் வற்புறுத்தித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அவன் அம்மா வெங்கடம்மாள் மட்டும் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கைக்கு என்ன கண்ணு?”

“வராதுங்க. ஒரு வேலையும் செய்ய முடியாது. சடைகூட அம்மாதான் பின்னி விடணும்.”

சாந்தம்மா வாயைத் திறந்தாள். சுப்ரியா அவள் கால் விரலை மிதித்தாள்.

“இனிமே சரியாகாதா?”

“ஆகாதுங்க.” பொய் இத்தனை சரளமாக வருவது அவளுக்கே பயமாக இருந்தது.

போன கரண்ட் திரும்பி வந்த மாதிரி வெங்கடம்மாளின் முகம் பளிச்சென்று ஆனது. திரும்பி மகனைப் பார்த்தாள். அவன் அப்போதுதான் முதன்முதலாகத் தலையை நிமிர்த்தி, சுப்ரியாவைப் பார்த்தான். லேசாகச் சிரித்தமாதிரிகூட இருந்தது.

“அதுக்கு ஏன் கண்ணு மொகத்தைத் தொங்கப் போட்டுக்கற? கையா குடும்பம் நடத்துது?” வெங்கடம்மாள் ஒயர் கூடையைத் திறந்து, வாழையிலையில் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தாள். “ஆடி பொறந்தா ஒண்ணும் பேச முடியாது. இப்பவே பூ வெச்சு உறுதி பண்ணிட்டுப் போயிடறோம். ஆவணியில மொத முகூர்த்தம்.”

விரட்டுவதற்கென்று வைத்திருந்த கட்டு, மாப்பிள்ளை வீட்டைச் சம்பந்தியாக்கிக்கொண்டிருந்தது. சாந்தம்மா மகளைப் பார்த்த பார்வையில் அடியும் முத்தமும் கலந்திருந்தன.

சுப்ரியாவுக்கோ வெட்கமாகிவிட்டது. கை வராதவள் என்று தெரிந்தும் தலையில் பூ வைக்க எழுந்து வருகிறவளிடம் எப்படிப் பொய்யோடு நிற்பது? இப்படிப்பட்ட மனுஷி மிச்சமிருக்கிற மூன்று மாதம் படிக்கவும் விடுவாளோ என்று ஒரு நப்பாசை வேறு. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

“மன்னிச்சுக்கங்கம்மா. பொய் சொல்லிட்டேன். இது படிப்புக்காகக் கட்டினது. பாருங்க, கை நல்லாத்தான் இருக்கு.” ஐந்து விரலையும் மடக்கி விரித்துக் காட்டினாள்.

பூவோடு நீண்ட கை பாதியிலேயே நின்றது. வெங்கடம்மாள் சரத்தைப் பழையபடி இலையில் சுற்றினாள். கூடைக்குள் வைத்தாள்.

“ஏங்க, புள்ள பொய் சொன்னது தப்புதான்,” சாந்தம்மா பதறினாள். “ஆனா கை நல்லாருக்குன்னுதானே சொல்றா!”

“அதாம்மா எங்களுக்குச் சரிப்படாது.” அந்தக் குரலில் கோபம் இல்லை. வெங்கடம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

“இதென்னடி கூத்து? கை வரலைன்னா பூ வெக்கிறாங்க, வருதுன்னா எடுத்துட்டுப் போறாங்க!” தலையில் அடித்துக்கொண்டு சாந்தம்மா காபி சிந்திய தரையைத் துடைக்கத் துணி தேடிப் போனாள்.

ஹரீஷ்குமார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டான். போகாமல் நின்றான்.

“நீங்க படிக்கற எடத்துல, சட்டைப் பட்டன் போடச் சொல்லித் தருவாங்களா?”

கேட்டுக்கொண்டே பேன்ட் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தான். அதில் கட்டைவிரல் மட்டும் இருந்தது.

பொழுது சாய்ந்ததும் சுப்ரியா டைரியைத் திறந்து, இந்த முறை வலது கையால் எழுதினாள்.

‘இன்றும் ஒரு தப்பு. காபியை எந்தக் கையால் வாங்கினார் என்று பார்த்தேன். ஏன் என்று பார்க்கவில்லை.

நாளை: வகுப்புக்கு அப்பாவின் முழுக்கைச் சட்டை ஒன்று எடுத்துப்போக வேண்டும். ஹரீஷ்குமார் வருகிறேன் என்றிருக்கிறார்.’