சுவர் பார்த்த நாற்காலி

"வில்லுக்கு வயசாயிடுச்சு தம்பி" என்றபடி அக்கா வயலின் பெட்டியை வில்காரரின் கடை மேசைமேல் வைத்தார். "நீளமா இழுத்தா நடுவுல சத்தம் நடுங்குது. இதைவிட நல்லதா ஒண்ணு குடு."

வில்காரர் அந்த வில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். குச்சி நேராக இருந்தது. அதில் கட்டியிருந்த குதிரைமுடி, போன மாதம் அவரே மாற்றியது.

வில்லைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். புது வில் கேட்டு வருகிறவரிடம் பழசே போதும் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

அக்காவுக்கு அவசரம். இசைக்குழுவின் இரண்டாம் வரிசையில், ஓரத்து நாற்காலி இருபத்தாறு வருடமாக அவருடையது. திங்கட்கிழமை புதுத் தலைவர் ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார். சத்தம் நடுங்கினால் நாற்காலி போய்விடும்.

"அதான் இவரையும் இழுத்துக்கிட்டு வந்தேன்" என்று கணவரைக் காட்டினார். "பஸ் டிப்போவில மெக்கானிக். எஞ்சின் சத்தத்தை வெச்சே எந்த போல்ட் கழண்டிருக்குன்னு சொல்லிடுவார். என்ன, வீட்டுல நான் கூப்பிட்டா மட்டும் காதுல வாங்க மாட்டார். ரிட்டையர் ஆனதுலேருந்து அந்தக் கொழுப்பு கூடிப்போச்சு."

மெக்கானிக் சிரித்தார். மனைவி வாய் அசையும்போது சிரித்து வைப்பது, பாவம், எல்லாக் கணவர்களுக்கும் கைவந்ததுதான்.

வில்காரர் அவருக்கு எதிரே நின்று கடையின் வழக்கத்தைச் சொன்னார். ஐந்து வில். ஐந்துக்கும் பிடியில் ஒரே மாதிரித் துணி சுற்றியிருக்கும். விலையும் சொல்ல மாட்டார், செய்தவர் பேரும் சொல்ல மாட்டார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நீளமான ஸ்வரம். கூட வந்தவர் சுவரைப் பார்த்த நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். வாயே திறக்கக் கூடாது. கடைசியில் எத்தனையாவது பிடித்தது என்று விரலில் காட்டினால் போதும்.

கண் பளபளப்பைத்தான் வாங்கும், வில்லைக் காதுதான் வாங்கும் என்பது வில்காரரின் கட்சி.

சொல்லாத வழக்கம் இன்னொன்று உண்டு. ஐந்தில் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிற தடிவில். உலக்கைக்குத் தங்கச்சி. அதைப் போய்ப் பிடித்திருக்கிறது என்கிற காதுக்கு, உள்ளே இருக்கும் உயர்ந்த சரக்கை அவர் வெளியே எடுக்க மாட்டார்.

இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். அவரும் மழைக்கு ஒதுங்கியவர்.

மெக்கானிக் போய் உட்கார்ந்தார். எதிரே, சுவரோடு சுவராக, பழைய வில்கள் தொங்கும் கண்ணாடி அலமாரி.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்து இழுத்தார். முதல் மூன்றும் நல்ல வில்கள். நான்காவது, தொண்டை கட்டியவர் பாடுவது போல் ஒரு சத்தம். ஐந்தாவது, கடையிலேயே மெலிந்தது; தொட்டாலே பேசும்.

நாற்காலியிலிருந்து நான்கு விரல்கள் உயர்ந்தன.

வில்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வரிசையைக் கலைத்து மாற்றி வைத்தார். தடிவில் இரண்டாவதாக வந்தது. அக்காவிடம் மறுபடி வாசிக்கும்படி சைகை காட்டினார்.

இந்த முறை இரண்டு விரல்கள் உயர்ந்தன.

மழைக்கு ஒதுங்கியவராவது ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார்.

"திரும்பலாம் அண்ணே" என்றார் வில்காரர்.

மெக்கானிக் திரும்பவில்லை.

"அண்ணே!"

அவசரத்தில் வில்காரரின் முழங்கை பட்டு, மேசையிலிருந்த ஆணி டப்பா தரையில் விழுந்தது. தகரம் உருண்டு போட்ட சத்தத்தில் அக்கா துள்ளிக் குதித்துவிட்டார்.

மெக்கானிக்கின் தோள்கூட அசையவில்லை.

வில்காரர் மெல்லப் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். குனிந்து, அவர் பார்க்கிற இடத்தையே தானும் பார்த்தார்.

அலமாரிக் கண்ணாடியில் கடை முழுக்கத் தெரிந்தது. நட்டநடுவில் அக்கா, அந்த மெலிந்த வில்லை இன்னொரு முறை இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது மணிக்கட்டு சன்னமாக, விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அதை வைத்துவிட்டுத் தடிவில்லை எடுத்தார். அதன் கனம் கையைப் பிடித்துத் தன்னோடு அழைத்துக்கொண்டு போனது. மணிக்கட்டு அடங்கியது. சத்தமும் நடுங்கவில்லை.

இவ்வளவு நேரமும் தொண்டைக் கட்டைத்தான் கேட்டோம், இதைக் கேட்கவில்லையே என்று வில்காரர் நினைத்தார்.

கண்ணாடிக்குள் மெக்கானிக்கின் கண்கள் அவரைப் பார்த்தன. ஒரு விரல் உயர்ந்தது. இந்த முறை அது எண்ணிக்கை இல்லை. விரல் உதட்டின்மேல் போய் நின்றது.

"இது கையில அப்படியே நிக்குது தம்பி" என்றார் அக்கா. முகம் பூரித்திருந்தது. "திங்கக்கிழமை வரட்டும், ஒரு கை பார்த்துடறேன். யாரு செஞ்ச வில்லு?"

வில்காரர் அதை வாங்கித் துணியைப் பிரித்தார். அடியில் ஒட்டியிருந்த பள்ளிக்கூடச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"அவர் பேர் போட்டுக்க மாட்டார் அக்கா."

அக்கா பெட்டியை மூடிக்கொண்டு வாசல்வரை போய், "வாங்க, போலாம்" என்று கூப்பிட்டார். மெக்கானிக் அலமாரியில் தொங்கும் வில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொழுப்பைப் பார்த்தியா தம்பி? ஆனா ஒண்ணு. காதுன்னா அது காது. இல்லையா?"

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு, வில்காரர் மெக்கானிக்கின் தோளைத் தொட்டார்.