தடுப்புக்கு அந்தப் பக்கம்

“வெளியே வாடா!” வெல்டர் பலகைத் தடுப்பில் ஓங்கி ஒரு குத்து விட்டார். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

“மாமா, பலகை பேர்ந்துடும்,” என்றான் வீடியோ கேம் கடை வைத்திருக்கும் மைத்துனன். “ஆட்டம் முடியற வரைக்கும் யாரும் தடுப்பைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே?”

உண்மைதான். திரையில் நடந்த சண்டை முற்றி, இரண்டு பேர் நிஜமாகவே சட்டையைப் பிடித்துக்கொண்ட மறுநாள், வெல்டர்தான் இரும்புக் குழாய் வெட்டிப் பற்றவைத்து அந்தத் தடுப்பை நிறுத்தினார். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். நடுவில் பலகை.

அடுத்த மாதம் சண்டை கேம் போட்டி. அணிக்கு மூன்று பேர் வேண்டும். வெல்டர், நர்ஸ், வேன் டிரைவர் என்று இருந்ததில், டிரைவர் போன வாரம் ‘ஆளை விடுங்க சாமி’ என்று கும்பிடு போட்டுவிட்டுக் கழன்றுகொண்டான். “இன்னிக்கு அந்தப் பக்கம் ஆடற ஆட்டத்தைப் பாருங்க மாமா. டீம்ல வெச்சுக்கலாமா வேணாமான்னு நீங்களே சொல்லிடுங்க,” என்று மைத்துனன் கூப்பிட்டிருந்தான்.

வெல்டருக்கு இது பொழுதுபோக்கு இல்லை. காசு போட்டு நின்றுகொண்டே ஆடிய பெட்டிகளின் காலத்திலிருந்து அவர் விரல்கள் இந்தப் பொத்தான்களை அறியும். வாரமெல்லாம் புகையில் குனிந்து, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் வீடு திரும்புகிற மனுஷனுக்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் முதுகு நிமிரும். இந்த அணி இல்லையென்றால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

“என் மல்லனையே எடுத்திருக்கான் பாரு, திருட்டுப்பய!” என்று பல்லைக் கடித்தார்.

திரையில் இரண்டு மொட்டைத்தலை மல்லர்கள், ஒருவன் சிவப்பு, ஒருவன் நீலம். வெல்டரின் சிவப்பு மல்லன் கீழே விழுந்தான். ரவுண்டு முடிந்துவிட்டது. ஆனாலும் நீலம் விடவில்லை. விழுந்து கிடந்தவனை மேலும் இரண்டு உதை உதைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஹா ஹா என்று சிரித்தது.

“செத்த பாம்பை அடிக்கிறான்! சிரிப்பு வேற! அந்தச் சிரிக்கிற பட்டனைப் பிடுங்கிப் போடுடா முதல்ல!”

“நீங்க அப்படி உதைச்சதே இல்லையாண்ணே?” என்று பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

“நான் உதைக்கிறது வேறம்மா. அது ஜெயிச்ச சந்தோஷம். இது கொழுப்பு!”

மைத்துனன் ஏற்கெனவே பளபளவென்று இருந்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கட்டியவரிடம் முகத்துக்கு நேரே பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

கடைசி ரவுண்டு. நீலம் முதலில் நாலு அடி சேர்த்து வைத்துக்கொண்டது. அப்புறம் ஒரே ஓட்டம். வெல்டர் துரத்தத் துரத்த, மூலைக்கு மூலை தாவி நேரத்தைக் கடத்தியது. கிட்டே போனால் கணுக்காலில் ஒரு உதை, மறுபடி ஓட்டம். மணி அடித்தது. நீலம் ஜெயித்தது. மறுபடியும் அதே சிரிப்பு.

வெல்டர் ஜாய்ஸ்டிக்கை மேஜையில் டமாலென்று வைத்தார். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன.

“இதுக்குப் பேர் ஆட்டமா? பயந்தாங்கொள்ளி! நல்லா ஆடத் தெரியும், ஆடிட்டுப் போயேன்! எதிர்ல இருக்கிறவனும் மனுஷன்தானே? அவனை அவமானப்படுத்தினாத்தான் உனக்குச் சோறு இறங்குமா?”

“அப்ப, டீம்ல வெச்சுக்கலாமா மாமா?”

“இவனையா? இவன்கூட ஒரே பெஞ்சுல எவன்டா உட்காருவான்? இவன் இருந்தா ஜெயிச்சாலும் நமக்கு அசிங்கம்தான். இந்தக் கடைப் பக்கமே தலைவெச்சுப் படுக்கக் கூடாதுன்னு சொல்லிடு.”

“யோசிச்சுச் சொல்லுங்கண்ணே,” என்றாள் நர்ஸ். “நல்லா ஆடற கை. ஒரேயடியா வேணாம்னுட்டா...”

“கை நல்லா இருந்து என்னம்மா? புத்தி நாறுதே! என் நாக்கு ஒண்ணுதான். வேணாம்னா வேணாம்.”

மைத்துனன் துணியைக் கீழே போட்டான். “சரி மாமா. நீங்களே சொல்லிட்டீங்க,” என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

“நீ என்ன சொல்றது? ஆட்டம் முடிஞ்சுது இல்ல? நானே சொல்றேன்.” வெல்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். சட்டைக் கையை மடித்தபடி தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்தப் பக்கம் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாற்காலி மேஜைக்கு அடியில் செருகியபடியே இருந்தது. ஜாய்ஸ்டிக்கின் ஒயர் சுருட்டிக் கட்டியபடி கிடந்தது.

“எங்கடா அவன்? ஓடிட்டானா?”

“ஆளே கிடையாது மாமா. ஆடினது மெஷின்.”

“மெஷினா?” வெல்டருக்கு மூச்சு வாங்கியது. “மெஷினுக்கு எப்படிடா இவ்வளவு ஈனப்புத்தி வரும்?”

மைத்துனன் நர்ஸைப் பார்த்தான். நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

“ஆறு மாசமா உங்க ஆட்டத்தைப் பார்த்துத்தான் மாமா, அது கத்துக்கிட்டிருக்கு.”