கட்டம் போட்ட துணி

மூன்றாவது அடியில்தான் மேஸ்திரி மாணிக்கராஜ் அடங்கினான். குப்புற விழுந்து கிடந்தவனின் இரண்டு கைகளும் மண்ணை அள்ளி இறுக மூடியிருந்தன. ராஜப்பா ரத்தம் படிந்த சுத்தியலைப் பக்கத்திலிருந்த பாழ்சுரங்கத்துக்குள் வீசிவிட்டு மூச்சு வாங்கினான்.

அப்போதுதான் விடிந்திருந்தது. தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து மேலே ஏறியவன், உள்ளே வேலை செய்த அதே கோவணத்தோடு தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைட் மண்மேட்டுக்குப் பின்னால் வந்து காத்திருந்தான்.

பத்து நாளைக்கு முன், வெடிக்காத மருந்து கிடந்த குழியில் துளை போடச் சொல்லி ராஜப்பாவின் தம்பி ஏழுமலையை அனுப்பியவன் இந்த மாணிக்கராஜ். மாட்டேன் என்று பின்வாங்கியவனைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியவன், மேஸ்திரியின் அடியாள் துரைக்கண்ணு. ஏழுமலையைச் சாக்கில் கட்டித்தான் கேஜில், ஆளிறங்கும் இரும்புக் கூண்டில், மேலே கொண்டுவந்தார்கள்.

வீட்டுக்கு வந்த ராஜப்பா மனைவி சம்பங்கியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. அவன் மேலிருந்த ரத்தத்தைத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வர நேரமானது. கிணற்றடியில் கூட்டம் என்றாள்.

உச்சிப்பொழுதில் பிணம் அகப்பட்டது. கூடவே ஒரு சேதியும் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைன் முழுக்கப் பரவியது. செத்தவனின் வலது கைக்குள் சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட துணிக்கிழிசல் ஒன்று இருந்ததாம். கொன்றவனின் சட்டையைத்தான் பிடித்து இழுத்திருக்கிறான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னாராம். ராஜப்பாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சற்று நேரத்தில் போலீஸ்காரர்கள் தடியோடு லைனுக்குள் புகுந்தார்கள். மூங்கில் தட்டிகளைப் பிய்த்து எறிந்தார்கள். எதிர்ப்பட்ட ஆண்களை எல்லாம் அடித்தார்கள். வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்த சம்பங்கியின் கவுதியைப் பார்த்ததும் ஒருவன் நின்றுவிட்டான்.

லைனில் கிழிந்த துணி எது என்றாலும் சம்பங்கியிடம்தான் வரும். தைத்துக் கொடுத்துவிட்டு, வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு பானையில் சேர்த்து வைப்பாள். அந்தத் துண்டுகளை ஒட்டித் தைத்த போர்வைதான் கவுதி. அதன் நடுவில் சிவப்பும் நீலமுமாக அதே கட்டம்.

இது யார் துணி என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நினைவில்லை என்றாள் சம்பங்கி. முதல் அடி அவள் முதுகில் விழுந்தது. கவுதியைக் கத்தியால் கிழித்து அவள் முகத்தில் எறிந்தார்கள். முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டு மறுபடி கேட்டார்கள். அவள் தெரியாது என்று தலையை ஆட்டினாள். தடி அவள் விரல்மேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் ராஜப்பாவுக்குக் கேட்டது.

அவன் பாய்ந்தான். நாலு பேர் அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். இரண்டு பல் மண்ணில் விழுந்தது. அவனுக்கு வலி தெரியவில்லை. தன்னால் அவள் சாகப்போகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ரத்தத்தைத் துப்பிவிட்டு, “சாமி, நான்...” என்று வாயைத் திறந்தான்.

அதற்குள் சம்பங்கி சொல்லிவிட்டாள். “துரைக்கண்ணு அண்ணனுது. முழுக்கைய வெட்டி அரைக்கையா தெச்சித் தரச் சொல்லிச்சு. மிச்சத்த நான் வெச்சிக்கினேன்.”

துரைக்கண்ணுவின் வீட்டில் அந்தச் சட்டை இருந்தது. வயிற்றுப் பக்கம் கிழிந்தும் இருந்தது. முந்தின நாள் சாராயக் கடையில் மேஸ்திரியோடு கட்டிப் புரண்டபோது கிழிந்தது என்று அவன் கதறினான். அப்படி ஒரு சண்டையே நடக்கவில்லை என்றார் கடைக்காரர். லைனில் அவன் கையால் அடிபடாத குடும்பம் இல்லை. அவனுக்காக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூக்கு உடைந்து, முகம் வீங்கி, வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு அவன் கோலாருக்குப் போனான்.

சாயங்காலம் ராஜப்பா ஈரத்துணியால் சம்பங்கியின் முகத்தைத் துடைத்தான். ஒரு கண் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தது. முறிந்த விரலை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினான்.

இத்தனை அடி எதற்கு வாங்கினாய், கேட்டபோதே பேரைச் சொல்லியிருக்கலாமே என்று அழுதான்.

“மொத அடிக்கே சொன்னா நம்பமாட்டாங்க,” என்றாள் அவள்.

ராஜப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான். “நான் சட்டையே போடலயே. அவன் கைக்குள்ள அந்தத் துணி எப்படி வந்திச்சு?”

சம்பங்கி கட்டுப்போட்ட விரலைப் பார்த்தபடி சொன்னாள்.

“மூடின கைய விரிக்கத்தான் பெரும்பாடாப் போச்சு.”