காடு பார்த்த பல்லி

பர்வீனின் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு, கல்லூரிச் சுற்றுலாவோடு கடல் தாண்டி மழைக்காட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு மதுரை ஹாஸ்டல் பல்லி. புதுசு புதுசாகச் சிநேகிதம் பிடிக்க அதற்குக் கொள்ளை ஆசை.

தங்கிய விடுதியின் ஜன்னலில் ஒரு பச்சைத் தவளை எட்டிப் பார்த்தது. "வாங்க, காட்டைச் சுத்திக் காட்டுறேன். இருவாச்சிப் பறவை, பறக்கும் அணில் எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்காங்க!"

"இதோ வந்துட்டேன்!" என்று கிளம்பிய பல்லி, டியூப்லைட் ஓரத்தில் இன்னொரு பல்லியைப் பார்த்துவிட்டது.

"அட, நம்மாளு! அண்ணே, இங்கே கொசு எப்படி?"

"வாங்க தம்பி, உட்காருங்க, சொல்றேன்."

பேச்சு முடியவே இல்லை. தவளை தினமும் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனது. அதற்குள் பர்வீன் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஊர் திரும்பிய பல்லியைச் சொந்தபந்தம் சூழ்ந்துகொண்டது. "காடு எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்! அச்சு அசல் நம்ம ஹாஸ்டல் சுவர் மாதிரியே!"