ஆறு கிலோ எண்ணூறு

ஓய்வு பெற்றபின் முதுகுப்பையோடு ஊர் சுற்றும் நானும் என் மனைவி தவமணியும் சிங்கப்பூரில் ஒரு ரைஸ் குக்கர் வாங்கினோம். அரை ஊருக்குப் பொங்கலாம், அத்தனை பெரிது. விமானத்தில் ஒரு பைக்கு ஏழு கிலோதான் அனுமதி.

"குக்கர் வரலைன்னா நானும் வரலை" என்றாள் தவமணி.

ஓடிப்போய் சிராங்கூன் சாலையில் பையைத் தொங்கவிட்டு நிறுக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன்.

"ஏழு தாண்டாது லா அங்கிள்" என்று சிங்கப்பூர் 'லா' சேர்த்துச் சொன்னார் கடைக்கார அம்மாள்.

விடுதி அறைக்கு வந்து குக்கரோடு பையைத் தொங்கவிட்டேன். ஆறு கிலோ எண்ணூறு. ஆசை விடவில்லை. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, இரண்டு ஸ்பீக்கர் எல்லாம் வாங்கித் திணித்தேன். அப்போதும் ஆறு எண்ணூறு. எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு வெறும் பையை நிறுத்துப் பார்த்தேன். அதே ஆறு எண்ணூறு.

"கெட்டுப்போன தராசுங்க இது. ஏர்போர்ட்ல மானம் போகப் போகுது" என்றாள் தவமணி.

விமான நிலையத் தராசில் அத்தனையும் அடைத்த பையை வைத்தேன். ஆறு எண்ணூறு. கவுண்டர் பெண் அதில் அனுமதி அட்டையைக் கட்டினாள்.

பையை இறக்கியதும் எனக்கு ஆவல் தாங்கவில்லை. நானே ஏறி நின்றேன்.

"ஏங்க, இறங்குங்க! சின்னப் பிள்ளையா நீங்க?"

நான் எண்ணைப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் பார்த்தாள். பிறகு இன்னொரு அட்டையை எடுத்து என் மணிக்கட்டில் கட்டினாள்.