டிபன் டப்பா கம்ப்யூட்டர்

"அந்த நம்பர் எதுக்கு சாரே குறைஞ்சுகிட்டே போகுது?"

ஹரிநாராயணன் எட்டிப் பார்த்தார். மேஜைமேல் திறந்திருந்த டிபன் டப்பாவுக்குள் சிவப்பு எண் நாற்பத்தேழிலிருந்து நாற்பத்தாறுக்கு இறங்கியது.

"ஈரத்துணி காயறது மேடம்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது நம்பும்படியாக இல்லை.

தம்பானூர் ரயில் நிலையத்தில், பைகளைச் சோதிக்கிற மெஷினில்தான் மாட்டிக்கொண்டார். மனைவி ஸ்ரீப்ரியா பெட்டிகளோடு முன்னால் போய்விட்டாள். இவருடைய தோள்பை உள்ளே போனதும் மெஷின் நின்றது. கான்ஸ்டபிள் பினு டப்பாவைத் திறந்தார். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைத் தகடு, கறுப்பு டேப் சுற்றிய பேட்டரி, நாலு நிறத்தில் ஒயர், சிவப்பு எண் காட்டும் ஒரு சின்னச் சில்லு, ஒயரின் நுனியில் ஈரத்துணி சுற்றிய இரண்டு ஆணி. மறுபேச்சில்லாமல் இன்ஸ்பெக்டர் அறைக்குக் கூட்டி வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டரின் சட்டையில் எலிசாள் என்று பெயர் இருந்தது. நாற்பது வயதிருக்கும்.

"பினு, நீ வெளிய நில்லு. கதவைச் சாத்திக்கோ."

கதவு சாத்திய சத்தத்தில் ஹரிநாராயணன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"இது என்னவாக்கும்?"

"கம்ப்யூட்டர் மேடம்."

"பின்னே ஸ்கிரீன் எங்க? கீபோர்டு எங்க?"

"வேணும்னா சொருகிக்கலாம். இல்லாட்டாலும் ஓடும். அம்பாசமுத்திரத்துல எங்க அத்திம்பேருக்குத் தென்னந்தோப்பு இருக்கு. மண்ணு காஞ்சா இது தானாவே மோட்டாரைப் போடும். துணியை வெச்சு டெஸ்ட் பண்ணிண்டே வந்தேன்."

"பண்ணித் தந்தது யாரு?"

"நானேதான்."

"எஞ்சினியரா?"

"இல்லை மேடம், ஸ்கூல் ஆபீஸ்ல ஹெட் கிளார்க்."

"வீட்டுல இதுபோல எத்தற உண்டு?"

"ரெண்டு." இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஆறு" என்றார் ஹரிநாராயணன்.

செல்போன் அடித்தது. ஸ்ரீப்ரியா.

"எங்கே நின்னுண்டிருக்கேள்? வண்டிக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு. நாளைக்கு மாலை மாத்தறச்சே பொண்ணைத் தோள்ல தூக்க மாமா வேண்டாமா?"

"இதோ வந்துண்டே இருக்கேன்" என்று வைத்துவிட்டார். கல்யாணத்துக்குப் போகும்போது அந்தச் சனியன் எதற்கு என்று காலையிலேயே கேட்டவள் அவள். இப்போது உண்மையைச் சொல்வதைவிட லாக்கப்பே மேல்.

இன்ஸ்பெக்டர் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

"பேட்டரியில எத்தற நேரம் ஓடும்?"

வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். உள்ளங்கையில் அடங்கும், மிக்ஸியைவிட விலை குறைவு, ராத்திரி விளக்கு அளவுகூடக் கரண்ட் தின்னாது, பக்கத்தில் ஆளே வேண்டாம் என்று அடுக்கியிருப்பார். இன்றைக்கு அந்தப் பெருமை ஒவ்வொன்றும் போலீஸ் காதில் எப்படி விழும் என்று நினைத்ததும் வியர்த்தது. எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்! பக்கத்தில் ஆளே வேண்டாம்!

"ரொம்ப நேரம் ஓடாது மேடம். இது ஒண்ணுத்துக்கும் ஆகாத சாதனம்."

"அப்படின்னா?"

"கரண்ட் கொஞ்சம் குறைஞ்சாலும் படுத்துடும். மெமரி கார்டு அடிக்கடி கெட்டுப்போகும். ரெண்டு வெப்சைட்டை ஒண்ணாத் திறந்தா மூச்சு முட்டிடும். அணைஞ்சு எழுந்தா, மணி என்னன்னுகூட அதுக்குத் தெரியாது. யாராவது சொல்லித் தரணும்."

நாலு வருஷமாக ஸ்ரீப்ரியாவிடம் ஒப்புக்கொள்ளாத குற்றம் குறை எல்லாம் மடமடவென்று வெளியே வந்தது. பெற்ற பிள்ளையைத் தெருவில் வைத்துத் திட்டியதுபோல மனசு வலித்தது. இன்ஸ்பெக்டர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் குறைஞ்சா எப்படித் தெரியும்?"

"சிவப்பு லைட் மட்டும் மினுங்கும். பச்சை வராது."

"அப்பம் என்ன செய்வீங்க?"

"சார்ஜரை மாத்துவேன். செல்போன் சார்ஜர் இதுக்குப் போறாது."

அந்த வரிக்கடியில் இன்ஸ்பெக்டர் இரண்டு கோடு போட்டார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஹரிநாராயணனுக்கு விளங்கவில்லை.

"உங்க கூட்டத்துல வேற யாரெல்லாம் உண்டு?"

"கூட்டமா? இதுபோலப் பண்றவா பதினோரு பேர் மேடம். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கரமனையில எங்காத்து மாடியில சேருவோம். டீயும் பழம்பொரியும்தான். வேற ஒண்ணும் கிடையாது."

"பேரு?"

"வினீத்... ஷிஜி... பல் டாக்டர் லீலாபாய்..."

நண்பர்களைக் காட்டிக்கொடுத்துவிட்ட வெட்கத்தில் அவர் தலை தொங்கியது. பதினோரு பெயரும் நோட்டில் ஏறின.

"மேடம், எங்க அக்கா பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம். வண்டி..."

"உங்க வண்டி நாப்பது நிமிஷம் லேட்டு. இனிதான் அனவுன்ஸ் பண்ணுவாங்க. அது தெரிஞ்சுதானே உங்களை உட்கார வச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். ஹரிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டு கரமனை சத்தியவாகீசுவரரை வேண்டிக்கொண்டார். ஏதோ மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் அதேபோல ஒரு பச்சைத் தகடு, கறுப்பு டேப், நாலு நிறத்தில் ஒயர்.

"பாறசாலையில எங்க கோழிக்கூட்டுக் கதவு விடியக்காலம் தானாத் திறக்கணும்னு நானே பண்ணினதாக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்தி. "ரெண்டு மாசமா அனக்கமே இல்ல சாரே, சிவப்பு லைட் மட்டும் மினுங்குது. ஸ்டேஷன்ல ஒருத்தருக்கும் தெரியாது, சிரிப்பானுக... கொஞ்சம் பாத்துத் தருவீங்களா?"