உதட்டோரக் கொப்புளமும் எட்டுக்கால் பூச்சியும்

செங்கமலத்தின் கீழுதட்டுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. காய்ச்சல் வந்தாலே போதும், ஓரத்தில் கொத்தாகக் கொப்புளம் கிளம்பிவிடுகிறது.

"தூங்கும்போது எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெஞ்சிருக்கும்" என்றார்கள் வீட்டில்.

உதடு நிமிர்ந்து பார்த்தது. சுவர் மூலையில் பூச்சி வலை பின்னிக்கொண்டிருந்தது.

"ஏண்டி, உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"நானா? இந்த மூலையை விட்டு நான் இறங்கினதே இல்லக்கா. அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே ஓரத்துலயா? அளவெடுத்துக்கிட்டா வருவேன்?"

உதடு குழம்பியது. அதற்குள் செங்கமலம் ஒட்டடைக் குச்சியோடு வந்துவிட்டாள். வலை போயிற்று. பூச்சி ஜன்னல் வழியே ஓடியது.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் காய்ச்சல். அதே ஓரத்தில் அதே குறுகுறுப்பு. சுவரோ துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"இப்ப யாரு வந்தது?" என்று உதடு திகைத்தது.

"யாரும் வரல" என்றது உள்ளேயிருந்த நரம்பு. "நீ குழந்தையா இருந்தப்ப யாரோ கொடுத்த முத்தத்தோட வந்த கிருமி இது. அன்னைக்கே என் வழியா ஏறிப்போய்க் காதுக்குப் பக்கத்துல படுத்துக்கிச்சு. உடம்பு அசந்தா இறங்கி வருது. ஆறினதும் அங்கேயே பதுங்கிக்குது."

"இத்தனை வருஷமா சொல்லாம இருந்தியே!"

"நீ எங்க என்னைக் கேட்ட? சுவத்தைத்தானே கேட்ட."

எல்லோரிடமும் சொல்லிவிட உதடு துடித்தது. திறக்க முடியாமல் வலித்தது.

"பல்லியா இருக்கும்" என்றார்கள் வீட்டில். செங்கமலம் ஒட்டடைக் குச்சியைத் தேடினாள்.